ஓட்டைப் பையின் பிடி

காற்று வீசினால் மீன் கடிக்கும். காற்று வீசினால் படகு நிற்காது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தூண்டில் போடுகிறவர்களின் தீராத சங்கடம் இது. அங்குள்ள மில் லாக்ஸ் ஏரியின் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆழமோ அதிகபட்சம் 13 மீட்டர்தான். இவ்வளவு பரந்த, ஆழமில்லாத ஏரியில் காற்று கிளம்பிய கொஞ்ச நேரத்துக்குள் அலை எழும்பிவிடும்.

அந்த அலைக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அங்கு எல்லோரும் தேடும் மீன் வால்ஐ. 1965 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வ மீனும் அதுவே. பூனையின் கண்ணைப் போல, அதன் விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் இரை தேடுவது அதன் வழக்கம். அலை எழுந்து நீருக்குள் இறங்கும் வெளிச்சம் குறைந்தால் பகலிலேயே வேட்டைக்குக் கிளம்பும். ஆனால் அதே காற்று படகை மீன் இருக்கும் இடத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். தூண்டில் இரை அடியைத் தொடாமல் பின்னால் இழுபடும்.

நங்கூரம் போட்டால் படகு ஒரே இடத்தில் நின்றுவிடும். மீனோ ஒரே இடத்தில் இருப்பதில்லை. தேவை நிறுத்தம் அல்ல, நிதானம். அதற்கு அவர்கள் பயன்படுத்துவது டிரிஃப்ட் சாக். விமான நிலையத்தில் காற்றின் திசை காட்டப் பறக்கும் துணிக்குழாயை நினைத்துக்கொண்டால் போதும். அகன்ற வாய், குறுகிய வால், வாலில் ஒரு ஓட்டை. கயிற்றில் கட்டித் தண்ணீரில் போட்டால் பை நிறைந்து விரியும். காற்று படகை இழுக்க, பை பின்னால் பிடித்து இழுக்கும். வால் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதால் பை சுழலாமல் நேராக நிற்கிறது. வாயில் ஒரு மிதவை கட்டினால் மூழ்காது. வாலில் இன்னொரு மெல்லிய கயிறு இருந்தால், அதைச் சுண்டிப் பையைக் கவிழ்த்துச் சுலபமாக மேலே எடுத்துவிடலாம்.

ஒரு துணிப் பைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. காற்றானாலும் தண்ணீரானாலும் அதன் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று படகின் 2 சதுர மீட்டர் பரப்பில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஈடு கொடுக்க, 1 சதுர மீட்டர் வாயுள்ள பை தண்ணீரில் மணிக்கு 2 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் இழுபட்டால் போதும். காற்றோடு மல்லுக்கட்டத் தண்ணீரையே துணைக்கு அழைத்துக்கொள்ளும் தந்திரம் இது.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். ஏரியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு பைகள் கட்டி, படகைப் பக்கவாட்டில் மெல்ல மிதக்கவிடுகிறார்கள். அலை பெரிதாக இருக்கும் இடத்தில் அது ஆபத்து. பக்கவாட்டில் வரும் அலை சிறு படகைப் புரட்டிவிடும். அங்கே பையை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் கட்ட வேண்டும். படகு தானாகத் திரும்பி அலைக்கு முகம் கொடுக்கும். பின்முனையில் கட்டினால், எஞ்சின் தொங்கும் தாழ்வான பகுதி வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும்.

ஏரியில் பொழுதுபோக்குக்கு உதவும் இந்தப் பை, கடலில் உயிர் காக்கும் கருவி. அங்கே அதன் பெயர் கடல் நங்கூரம். 1785ல் ஐரோப்பாவிலிருந்து நாடு திரும்பும் கப்பலில் அமர்ந்து பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் ‘நீந்தும் நங்கூரம்’ பற்றி விவரித்திருக்கிறார். சாதாரண நங்கூரத்துக்கு எட்டாத ஆழத்தில் கப்பலின் நகர்வைக் குறைப்பது அவர் நோக்கம். 1901ல் ஜான் வாஸ் என்ற மாலுமி ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த படகில் கனடாவின் விக்டோரியாவிலிருந்து புறப்பட்டு 1904ல் லண்டன் சேர்ந்தார். புயல்களில் அவர் நம்பியது கடல் நங்கூரத்தை. ஜப்பானில் கணவாய் பிடிக்கும் படகுகள் பாராசூட் வடிவத்தில் பெரிய கடல் நங்கூரம் விரித்து, காற்றுக்கு முகம் காட்டியபடி இரவெல்லாம் தூண்டில் போடுகின்றன. கப்பல்களின் உயிர்காப்புப் படகில் கடல் நங்கூரம் இருந்தே ஆக வேண்டும் என்பது சர்வதேச விதி.

பெரிய கப்பலின் உயிர்காப்புப் படகுக்குக் கட்டாயமான இந்தப் பொருள், இந்தியக் கரையோரங்களில் தினமும் கடலுக்குப் போகும் சிறு படகுகளுக்கு இன்னும் அதிகமாகவே வேண்டும். கட்டுமரம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். காற்றுக்கு அது காட்டும் பரப்பு குறைவு. கண்ணாடியிழைப் படகின் பக்கச் சுவர் உயரமானது. காற்றுக்கு அது பாய் விரித்த மாதிரி. எஞ்சின் ஓடும்வரை கவலையில்லை. நின்றுவிட்டால் படகு பக்கவாட்டில் திரும்பி அலையின் அடியை வாங்கத் தொடங்கும்.

செவுள் வலை போடுகிற மீனவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. நீரில் விரித்த வலையின் நுனியில் படகைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்போது, வலையே கடல் நங்கூரமாகப் படகைப் பிடித்துக்கொள்கிறது. வலையைப் படகில் ஏற்றிய பிறகுதான் அந்தப் பிடி விட்டுப்போகிறது. கையில் பை இல்லாதபோது வாளி, கூடை, சுருட்டிக் கட்டிய வலை, துடுப்போடு சேர்த்துக் கட்டிய பாய் எதையாவது கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து இறக்குவது பழைய மாலுமிகளின் வழக்கம்.

இன்னொரு லாபமும் உண்டு. எஞ்சின் நின்ற படகு மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துச் செல்லப்படுகிறது என்று கொள்வோம். 10 மணி நேரத்தில் 30 கிலோமீட்டர் போயிருக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் 15 கிலோமீட்டர். எந்தத் திசையில் போனது என்று தெரியாமல் தேடுகிறவர்களுக்குத் தேட வேண்டிய பரப்பு கால் பங்காகக் குறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. பை காற்றை எதிர்க்கும், நீரோட்டத்தை எதிர்க்காது. நீரோட்டம் பையையும் சேர்த்தே கொண்டுபோகும். பாறைக் கரையை நோக்கிப் போகும் படகுக்கு அது கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஆழம் குறைந்த இடத்தில் உண்மையான நங்கூரமே கதி. கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலையிலும் வெட்டி இழுக்கும். படகு ஓர் அலையின் உச்சியில் இருக்கும்போது பையும் இன்னோர் அலையின் உச்சியில் இருக்கும்படி நீளம் விட வேண்டும். நைலான் கயிறு நீண்டு கொடுக்கும் என்பதால் அதுவே உத்தமம். பை தண்ணீரில் இருக்கையில் எஞ்சினை இயக்கினால் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகே கடலில் சீறியபோது, தொலைபேசி எட்டாத தூரத்தில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அத்தனை பெரிய புயலில் ஒரு துணிப் பை எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்வது பொய். ஆனால் கடலில் ஆபத்து என்பது புயல் மட்டுமல்ல. பழுதான எஞ்சின், வலுக்கும் காற்று, இருட்டும் நேரம் இவை பெயர் வைக்கப்படாத ஆபத்துகள். எச்சரிக்கை அமைப்பையும் தகவல் கருவியையும் அரசுதான் தர வேண்டும். அதைக் கேட்பது மீனவர்களின் உரிமை. இந்தப் பைக்கு யாருடைய ஆணையும் வேண்டியதில்லை. தடித்த துணி, உறுதியான தையல், நீண்ட கயிறு, ஒரு மிதவை போதும். நல்ல நாளில் ஒருமுறை போட்டுப் பழகி வைத்துக்கொண்டால், கெட்ட நாளில் கை தானாகத் தேடும்.