‘பேசி முடிச்சிடலாம்’ என்று சொல்லும் முன்... கார் விபத்தில் க்ளெய்ம் எங்கே கோட்டை விடப்படுகிறது?

சிக்னலில் முன்னால் போன பைக் சட்டென்று நிற்கிறது. பின்னால் வந்த கார் லேசாக முட்டிவிடுகிறது. பைக்கில் வந்தவர் விழுந்து எழுந்து முழங்காலைத் தடவிக்கொள்கிறார். அதற்குள் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். “ஒரு அஞ்சாயிரம் கொடுத்து பேசி முடிச்சிடுங்க சார். போலீஸ், கேஸுன்னு எதுக்கு அலையணும்?” போனில் பணம் போகிறது, கூட்டம் கலைகிறது. இரண்டு பேருக்கும் நிம்மதி.

மறுநாள் அந்த முழங்கால் வீங்கி, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு என்று தெரிந்தால்? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

யாரும் படிக்காத நிபந்தனை

கார் பாலிசியின் நிபந்தனைகள் பகுதியில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது. நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ, பணம் கொடுப்பதோ கூடாது. அதாவது, ரோட்டில் கொடுத்த ஐந்தாயிரம் திரும்ப வராது என்பதோடு விஷயம் முடிவதில்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால், நிறுவனம் கேள்வி கேட்க நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

அடிபட்டவருக்கு நஷ்டம் இன்னும் பெரிது. மோட்டார் வாகனச் சட்டம் 1988 மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். உயிரிழப்பு, காயம் என்றால் இழப்பீட்டை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். ஆனால், விபத்து நடந்ததற்கே எந்தப் பதிவும் இல்லை என்றால், அவர் எதை வைத்துக் கேட்பார்?

உதவி வேறு, செட்டில்மென்ட் வேறு. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது ஓட்டுநரின் கடமை என்கிறது சட்டத்தின் 134-வது பிரிவு. போலீஸ் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்கவும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுக்கவும் அதே பிரிவு சொல்கிறது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

* யாருக்காவது காயம் என்றால் முதலில் 108. மற்றதெல்லாம் அப்புறம்.
* வண்டிகளை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். இரண்டு நம்பர் பிளேட்டும், ரோடும் தெரியட்டும்.
* எதிர்த்தரப்பின் பெயர், போன் நம்பர், பாலிசி விவரம் வாங்குங்கள். பார்த்தவர் ஒருவரின் நம்பரும் இருந்தால் நல்லது.
* ஸ்பாட்டில் இருந்தே நிறுவனத்தின் ஆப் அல்லது ஹெல்ப்லைனில் தகவல் சொல்லி, க்ளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
* அடியில் ஆயில் ஒழுகினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோ பண்ணுங்கள். பழுதோடு ஓட்டி சேதம் கூடினால், கூடிய சேதம் உங்கள் தலையில்தான்.
* சர்வேயர் பார்க்கும் முன் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு எதையும் கழற்றாதீர்கள்.

ஃபுல் இன்ஷூரன்ஸ்... ஆனால் ஃபுல்லா வராது

‘பம்பர் டு பம்பர்’ எனப்படும் ஜீரோ டெப் எடுக்காதவர்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50%. உலோகப் பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்து. மூன்று வயது தாண்டி, நான்கு முடியாத காருக்கு 25%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை.

உதாரணமாக, அந்த வயதுள்ள ஒரு காருக்கு பம்பர் ரூ.12,000, பானெட் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்கு ரூ.6,000 + ரூ.7,500. இதில் 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு ரூ.1,000 போக, கைக்கு வருவது ரூ.12,500. மீதி ரூ.9,500 நம் பாக்கெட்டில் இருந்து.

நோ க்ளெய்ம் போனஸையும் மறக்கக் கூடாது. தொடர்ந்து ஐந்து வருடம் க்ளெய்ம் போடாதவருக்கு சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50% தள்ளுபடி கிடைக்கும். ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் அது பூஜ்யம். சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். அடிபட்டது மனிதர் என்றால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

இழுத்தடித்தால்?

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள். அதன்பின் ஐஆர்டிஏஐ-யின் ‘பீமா பரோசா’ தளம் அல்லது 155255. ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

வாடிக்கையாளர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. இரண்டே நிமிடத்தில் ஆன்லைனில் பாலிசி விற்கும் நிறுவனங்கள், நிபந்தனைகளை மட்டும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் அனுப்புகின்றன. ‘விபத்து நடந்தால் இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்’ என்று தமிழில் ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவர்களுக்குப் பெரிய செலவில்லை. பாலிசியோடு சேர்த்துத் தர வேண்டிய பொறுப்பு அது.

அதுவரை, கூட்டத்தில் யாராவது “பேசி முடிச்சிடலாம்” என்றால், பதில் இப்படி இருக்கட்டும்: “முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம். மத்ததை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்.”