அடிபட்டவள வீட்டுக்கு அனுப்பாதீங்க!



போன மாதச் சுவரிதழில் கபடியில ஜெயிச்ச அக்காங்களப் பத்தி எழுதியிருந்தாங்க. படிச்சப்ப சந்தோஷமா இருந்தது. நான் எழுதப் போறது விளையாடும்போது அடிபட்டு, அதுக்கப்புறம் மைதானத்துப் பக்கமே வராமப் போனவங்களப் பத்தி. சாதாரணக் கால் சுளுக்கு சில வாரத்துல ஆறிடும். ஆனா சுளுக்கினவள வீட்டுக்கு அனுப்பிட்டா அவ திரும்ப ஓட வர்றது ரொம்பக் கஷ்டம். அதனால அடிபட்டவளும் பி.டி. பீரியட்ல மைதானத்துலதான் இருக்கணும் என்பது என் கருத்து.

எங்க வகுப்புலயே ஒருத்தி இருக்கா. பேர் வேண்டாம். கல்வராயன் மலையில இருந்து வந்து இங்க அவங்க மாமா வீட்டுல தங்கிப் படிக்கிறா. மேட்டுல ஏறி இறங்கிப் பழகின கால். ரிலேயில கடைசியா ஓடுறது எப்பவும் அவதான். போன வருஷம் பயிற்சியப்ப, திருவிழாப் பந்தலுக்கு நட்ட கம்பத்தைப் பிடுங்கின குழி ஒண்ணு மூடாமலே கிடந்தது. அதுல கால் மடங்கிடுச்சு. கணுக்கால் முட்டை மாதிரி வீங்கிப் போச்சு. அன்னைக்கே வீட்டுல எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ச்சு, சுளுக்கு வழிச்சிருக்காங்க. மறுநாள் வீக்கம் இன்னும் அதிகம். அப்புறம் புளியும் உப்பும் கரைச்சுப் பத்து. மூணு வாரம் பள்ளிக்கூடமே வரல. வந்தப்ப நல்லாத்தான் நடந்தா. ஆனா அவங்க மாமா, "பொம்பளப் புள்ளைக்குக் காலு கோணிக்கிச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"ன்னுட்டாராம். இந்த வருஷம் லிஸ்ட்ல அவ பேரு இல்ல. இப்ப வேப்பமரத்தடியில எங்க பைகளுக்குக் காவல் இருக்கா.

மாமா மேல எனக்குக் கோபம் இல்ல. பெத்தவங்க நம்பி விட்டுட்டுப் போன பிள்ளை, அவர் பயப்படத்தான் செய்வார். அந்தப் பயத்தைப் போக்குற மாதிரி நாமதான் எதுவும் செய்யல.

சுளுக்குன்னா என்ன? எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற தசைநார் அளவுக்கு மேல இழுபடுது, சில சமயம் கிழியுது. உள்ள ரத்தம் கசியும், அதனாலதான் வீக்கம். அந்த நேரத்துல சூடு வச்சு அழுத்தித் தேய்ச்சா கசிவு கூடத்தான் செய்யும். பாட்டி வைத்தியம் எல்லாமே தப்புன்னு நான் சொல்ல வரல. முதல் ரெண்டு மூணு நாள் மட்டும் எண்ணெய், வழிக்கிறது, வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். காலுக்கு ஓய்வு கொடுத்து, ஐஸைத் துணியில சுத்தி 15 நிமிஷம் வைக்கணும் (வெறும் ஐஸைத் தோல் மேல வச்சா புண்ணாகிடும்), கிரேப் பேண்டேஜ் கட்டணும், காலைத் தலையணை மேல தூக்கி வைக்கணும். இந்த முறையை 1978-ல் புத்தகத்துல எழுதிப் பிரபலப்படுத்தினவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். பல வருஷம் கழிச்சு அவரே, ஐஸும் அசையாம ரொம்ப நாள் படுத்திருக்கிறதும் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு மாத்திச் சொன்னார். அதனால ஐஸ் முதல் நாள் வலிக்கு மட்டும் போதும்.

எலும்பு முறிஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்? கனடாவுல ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992-ல் ஒரு எளிய வழி சொன்னாங்க. அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியலன்னாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் பின்பக்கத்தை அழுத்தினா வலிச்சாலோ எக்ஸ்ரே எடுக்கணும். நம்ம வயசுல எலும்பு இன்னும் வளர்ந்துகிட்டே இருக்கு, நுனியில குருத்தெலும்பு இருக்கு. அதனால எலும்பு மேல வலின்னா, கட்டுப் போடுறவர்கிட்ட போறதுக்கு முன்னாடி கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

இதுவரைக்கும் சொன்னது சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் என்ன செய்யணும்னுதான் யாரும் சொல்றதில்ல. வலி போனதும் ஆறிடுச்சுன்னு நினைச்சு ஒரே நாள்ல ஓட விட்டா மறுபடி மடங்கும். கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு அந்தத் தசைநார்லயும் இருக்கு. அது மந்தமாகிடும், திரும்பப் பழக்கணும். உட்கார்ந்தபடியே கட்டை விரலால காத்துல அ, ஆ எழுதலாம். (தமிழம்மா சந்தோஷப்படுவாங்க!) பல் விளக்கும்போது ஒத்தைக் கால்ல நிக்கலாம். நொண்டாம நடக்க வந்த பிறகு மெதுவோட்டம், அப்புறம் நேரா வேகமா, கடைசியிலதான் திரும்பி ஓடுறதும் குதிக்கிறதும்.

பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் அண்ணன எல்லாருக்கும் தெரியும். 2021 ஏப்ரல்ல அவருக்கு முழங்கால்ல ஆபரேஷன். படிப்படியா பயிற்சி எடுத்து 2022 ஐ.பி.எல்.ல 18 விக்கெட் எடுத்தார். ஆம்பளைங்களுக்குச் சரின்னு சிலர் சொல்லலாம். வினேஷ் போகத் 2016 ரியோ ஒலிம்பிக்ல முழங்கால் அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல போனாங்க. 2018 ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினாங்க. 2023 ஆகஸ்ட்ல மறுபடி முழங்கால் ஆபரேஷன். அடுத்த ஆகஸ்ட்ல பாரிஸ்ல ஒரே நாள்ல மூணு பேரை ஜெயிச்சாங்க. எடையில 100 கிராம் கூடிப் பதக்கம் போனது வேற கதை.

பையத்லான்னு ஒரு பனி விளையாட்டு இருக்கு. பனியில சறுக்கி ஓடி வந்து, மூச்சு வாங்க வாங்க துப்பாக்கியால 5 குறி சுடணும். சில போட்டியில ஒரு குறி தப்பினா 150 மீட்டர் கூடுதலா ஓடணும். பெண்களுக்கு 1992-லிருந்து ஒலிம்பிக்ல உண்டு. இதை எதுக்குச் சொல்றேன்னா, அதுல கால் அடிபட்டாலும் படுத்துக்கிட்டு குறி பார்க்கிற பயிற்சியைச் செய்யலாம். பாதி விளையாட்டு கையில இருக்கு. நமக்கும் அப்படித்தான். கால் ஆறுற வரைக்கும் அவ உட்கார்ந்து பந்து எறியலாம், கையால பேட்டன் மாத்திப் பழகலாம், ஸ்டாப்வாட்ச் பிடிக்கலாம். பைக்குக் காவல் இருக்க வேப்பமரமே போதும்.

பள்ளியில கேட்கிறது பெரிய செலவு இல்ல. முதலுதவிப் பெட்டியில பஞ்சும் டிங்சரும் இருக்கு, ரெண்டு கிரேப் பேண்டேஜ் சேர்க்கணும். ஐஸுக்குப் பக்கத்துக் கூல்ட்ரிங்ஸ் கடைக்காரர்கிட்ட சொல்லி வைக்கலாம். பந்தல் குழியை ஒன்பதாம் வகுப்புப் பசங்க ஒரு பி.டி. பீரியட்ல மூடிடலாம். மண்வெட்டி நான் கொண்டு வர்றேன்.

இன்னொண்ணு. குறுவட்டப் போட்டிக்கு லிஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடி பி.டி. சார் ஒரு தடவை அவங்க மாமாகிட்ட வந்து பேசணும். ரிலே ஓடுற நாங்க மூணு பேரும் கூட வர்றோம். அவர் ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுலதான் இருப்பார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி