பேச்சை வெட்டி எறிந்த மாயப் புல்லாங்குழல்

முதலில் ஒரு எச்சரிக்கை. ஓட்டோ க்ளெம்பரரின் பரம பக்தர்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால், ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காரவும் :-)

மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஆப்பராவுக்கு எந்த ஒலிப்பதிவு சிறந்தது என்று மேற்கத்திய இசை கேட்கும் வட்டங்களில் கேட்டுப் பாருங்கள். பதில் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். 1937-38இல் பெர்லினில் தாமஸ் பீச்சம் செய்தது, 1950இல் வியன்னாவில் காராயன் செய்தது, 1964இல் லண்டனில் க்ளெம்பரர் செய்தது. "அதுக்கப்புறம் வந்ததெல்லாம் சும்மா சார்" என்று ஒரு பெருமூச்சோடு முடிப்பார்கள். புனேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் சின்ன வட்டத்திலும் இதே ராகம்தான்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. குரல்களைக் குறை சொல்லவில்லை, வாத்தியக் குழுவையும் குறை சொல்லவில்லை. என் புகார் ஒன்றே ஒன்று. இந்த மூன்று ஒலிப்பதிவுகளிலும் வசனம் கிடையாது. பாட்டுகளை மட்டும் வரிசையாகக் கோத்துவிட்டு, நடுவில் இருந்த பேச்சு மொத்தத்தையும் தூக்கி எறிந்திருக்கிறார்கள். அப்படி எறிந்ததை 'முழு ஒலிப்பதிவு' என்று விற்று, நாமும் அதை உச்சியில் வைத்துக் கும்பிடுகிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இது அரண்மனைக்காக எழுதிய ஆப்பரா இல்லை. வியன்னாவின் புறநகர்ப் பகுதியான வீடனில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையில், 1791 செப்டம்பர் 30 அன்று அரங்கேறியது. கதை வசனம் எழுதியவர் எமானுவேல் ஷிக்கனேடர். அந்த நாடகக் கம்பெனியை நடத்தியவரும் அவரே, பறவை பிடிக்கிற பாப்பகேனோவாக மேடையேறி ஜனங்களைச் சிரிக்கவைத்தவரும் அவரே. முதல் நாள் மொஸார்ட்டே இசைக்குழுவை நடத்தினார். அடுத்த இரண்டே மாதங்களில், டிசம்பர் 5இல், இறந்துபோனார்.

இந்த வகை நாடகத்துக்கு ஜெர்மனில் 'ஸிங்ஷ்பீல்' என்று பெயர். பாட்டு நாடகம் என்று வைத்துக்கொள்ளலாம். பாத்திரங்கள் பேசுவார்கள், பேச்சு முற்றும்போது பாடுவார்கள். மொஸார்ட்டின் இத்தாலிய ஆப்பராக்களில் உரையாடலும் ஒருவித இசையிலேயே நடக்கும், பின்னால் ஒரு கீபோர்டு தொட்டுத் தொட்டு ஒலிக்கும். 'ஃபிகாரோவின் திருமண'த்தை ஒலிப்பதிவு செய்கிற யாரும் அந்த உரையாடலை மொத்தமாக வெட்டிவிட்டு "இதோ முழு ஃபிகாரோ" என்று சொல்லத் துணிய மாட்டார்கள். அங்கே பேச்சுக்கு சுருதி இருக்கிறது, தப்பித்தது. இங்கே பேச்சு வெறும் பேச்சாக இருக்கிறது, கத்தரிக்கோல் விழுந்தது. என்ன நியாயம் இது?

வெட்டியதால் என்ன குடிமுழுகிப் போனது என்று கேட்கலாம். கணக்கு எழுதியே காட்டுகிறேன்.

ஒன்று. பாப்பகேனோ வாயில் பூட்டு மாட்டி, "ம்ம் ம்ம்" என்று முனகிக்கொண்டே ஒரு ஐவர் பாட்டு வரும். எதற்குப் பூட்டு? பாம்பைக் கொன்றது நான்தான் என்று இளவரசன் தமீனோவிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதற்கு. அந்தப் பொய் வசனத்தில்தான் இருக்கிறது. வசனம் போனால் பூட்டு மட்டும் ஆகாயத்திலிருந்து வந்து விழும்.

இரண்டு. இரவின் ராணி. உச்ச ஸ்தாயியில் கண்ணாடி உடைவது போலப் பாடுவாளே, அந்தப் பாட்டு எல்லோருக்கும் தெரியும், விளம்பரங்களில்கூட வந்துவிட்டது. அவளுக்கு ஏன் அத்தனை கோபம்? பாட்டுக்குச் சற்று முன்னால் மகள் பமீனாவிடம் பேசும்போது சொல்கிறாள். சாகும் நாளில் அவள் கணவன் சொத்து சுகத்தையெல்லாம் மனைவிக்கும் மகளுக்கும் விட்டுவிட்டு, அதிகாரத்தின் அடையாளமான ஏழடுக்குச் சூரிய வட்டத்தை மட்டும் ஸராஸ்ட்ரோவிடம் கொடுத்துவிட்டான். இதெல்லாம் பெண் புத்திக்கு எட்டாது, நீயும் மகளும் அந்த ஞானிகள் சொல்படி நடங்கள் என்று அறிவுரை வேறு. இருபது வருஷமாக வங்கியில் வாரிசு கோரிக்கைகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் காட்சியில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. கையெழுத்து அதிகாரம் கைமாறிப்போன ஒரு விதவையின் ஆத்திரம் அது. வசனத்தை வெட்டிய ஒலிப்பதிவில் அவள் காரணமே இல்லாமல் கூச்சல் போடும் ராட்சசி ஆகிவிடுகிறாள். பாவம், அவள் பக்க வழக்கையே விசாரிக்காமல் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

மூன்று. இதுதான் என்னை நிஜமாகவே கோபப்படுத்துவது. தமீனோவுக்கு வைக்கப்படும் சோதனை, பேசக்கூடாது என்பது. அவன் குழல் ஊதும் சத்தம் கேட்டு பமீனா ஓடி வருகிறாள். பேசுகிறாள். பதில் இல்லை. போய்விடு என்று கையை மட்டும் காட்டுகிறான். பாப்பகேனோ பக்கம் திரும்பினால் அவன் வாய் நிறையச் சாப்பாடு, அவனும் போ போ என்று சைகை காட்டுகிறான். இனி தன்னை இவன் நேசிக்கவில்லை என்று நினைத்து அவள் பாடுகிற பாட்டுதான் இந்த ஆப்பராவிலேயே மிகத் துக்கமான பாட்டு. கொஞ்ச நேரத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு சாகப் போகிறாள்.

இப்போது சொல்லுங்கள். பேச்சே இல்லாத ஒலிப்பதிவில் ஒருவன் பேசாமல் இருக்கிறான் என்பது நமக்கு எப்படிக் கேட்கும்? மௌனம் காதில் விழ வேண்டுமானால் அதற்கு முன் பேச்சு விழுந்திருக்க வேண்டாமா? க்ளெம்பரர் பதிவில் குண்டுலா யானோவிட்ஸ் அந்தப் பாட்டைப் பாடும்போது உருகாதவர் மனிதரே இல்லை. ஆனால் எதற்காக அழுகிறாள் என்பதே தெரியாத ஒருத்திக்காக உருகுகிறோம்.

நான்கு. பாப்பகேனோவிடம் ஒரு கிழவி வந்து தனக்குப் பதினெட்டு வயதும் இரண்டு நிமிஷமும் ஆகிறது என்பாள். அவள்தான் பின்னால் பாப்பகேனாவாக மாறப்போகிறவள். அந்தக் கிழவி வருகிற காட்சிகள் முழுக்க வசனம். வெட்டிய பதிவில் கிழவி பிறக்கவே இல்லை. கடைசியில் 'பா பா பா' என்று இருவரும் கொஞ்சிப் பாடும்போது, இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று விழிக்க வேண்டியதுதான்.

சரி, ஏன் வெட்டினார்கள்? பீச்சம் காலத்துக்கு ஒரு சமாதானம் உண்டு. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம், நாலரை நிமிஷம்தான் பிடிக்கும். பாட்டுக்கே தட்டு மேல் தட்டு அடுக்க வேண்டும், பேச்சுக்கு எங்கே போவது? அது ஏழைக் குடும்பத்தின் சிக்கனம், மன்னிக்கலாம். ஆனால் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்த பிறகு அந்தச் சமாதானம் எடுபடாது. ஃபெரென்ஸ் ஃப்ரிக்சாய் 1955இலேயே பெர்லினில் வசனத்தோடு பதிவு செய்துவிட்டார். க்ளெம்பரர் லண்டனில் வசனம் இல்லாமல் செய்த அதே 1964இல், கார்ல் பம் பெர்லினில், சுருக்கியாவது, வசனத்தோடு செய்திருக்கிறார். ஆக அது காலத்தின் குற்றம் இல்லை. வேண்டுமென்றே எடுத்த முடிவு.

பழைய பதிவுகளின் பெருமையை நான் மறுக்கவில்லை. பம் பதிவில் தமீனோவாக ஃப்ரிட்ஸ் வுண்டர்லிஷ். முப்பத்தாறு வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, 1966இல் போய்ச் சேர்ந்த மனுஷன். அந்தக் குரலுக்கு இன்றுவரை ஈடு வரவில்லை என்று நான் எழுதியே தருகிறேன். க்ளெம்பரர் பதிவில் லூசியா பாப் இரவின் ராணி. ராணியின் தோழிகளில் ஒருவராக எலிசபெத் ஷ்வார்ஸ்கோப், இன்னொருவராக கிறிஸ்டா லூட்விக். துணைப் பாத்திரத்துக்கு இத்தனை பெரிய பாடகிகளை இன்று எவன் பணம் போட்டுக் கூட்டி வருவான்?

ஆனால் குரல்களின் கண்காட்சி வேறு, நாடகம் வேறு. 1995இல் ஜான் எலியட் கார்டினர், 2005இல் க்ளாடியோ அப்பாடோ, 2009இல் ரெனே யாக்கப்ஸ் செய்த பதிவுகளைக் கேளுங்கள். மூன்றிலும் பாத்திரங்கள் பேசுகின்றன. குறிப்பாக யாக்கப்ஸ். பாட்டுக்குக் கொடுத்த அதே மரியாதையைப் பேச்சுக்கும் கொடுத்திருக்கிறார். வசனத்துக்கு நடுவே அந்தக் காலத்துப் பியானோ புகுந்து விளையாடுகிறது, இடி இடிக்கிறது, மேடைச் சந்தடி கேட்கிறது. சில இடங்களில் கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன். பாடகர்களும் வுண்டர்லிஷ் இல்லை, பாப் இல்லை. ஆனால் முடியும்போது ஒரு கதையைக் கேட்ட நிறைவு வருகிறது. இன்னொன்றும் உண்டு. பமீனாவின் அந்தப் பாட்டுக்கு மொஸார்ட் எழுதிய வேகக் குறிப்பு 'ஆண்டான்டே', அதாவது நடக்கிற வேகம். அதைச் சவ ஊர்வல வேகத்துக்கு இழுத்தது பின்னால் வந்தவர்களின் வழக்கம். புதிய தலைமுறை நடத்துநர்கள் பலர் அதை மறுபடி நடக்க வைத்திருக்கிறார்கள்.

இரண்டு ஆட்சேபங்களை எதிர்பார்க்கிறேன்.

"ஜெர்மன் தெரியாதே, பேச்சைக் கேட்டு என்ன பண்ண?" ஐயா, பாட்டும் அதே ஜெர்மன்தானே? அதை மட்டும் எப்படிக் கேட்கிறீர்கள்? கையில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். அடுத்த தடவை வேண்டுமானால் வசனத்தைத் தாண்டிப் போங்கள். பேச்சு இருந்தால் நீங்கள் தாண்டலாம். இல்லாததை உங்களால் சேர்க்க முடியாது.

"வசனத்தில் பெண்களை மட்டம் தட்டுவதும், மோனோஸ்டாடோஸின் கறுப்பு நிறத்தைக் கேவலப்படுத்துவதும் இருக்கிறதே, வெட்டியது நல்லதுதானே?" இருக்கிறதுதான். ஆனால் மோனோஸ்டாடோஸ் பாடுகிற பாட்டிலேயே, கறுப்பு என்றால் அசிங்கமாம் என்று அவன் வாயாலேயே வருகிறதே! அதை யாரும் வெட்டவில்லை. இன்று பல மேடைகளில் அந்த வரிகளை மாற்றிப் பாடுகிறார்கள், சரியான காரியம். வீட்டில் கேட்பவர்கள் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசலாம். சிவப்புத் தோலுக்குக் களிம்பு வாங்கிப் பூசுகிற ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பேச விஷயமா இல்லை?

வசனத்தின் அருமை தெரியாத கூட்டமா நாம்? திருவிளையாடல் கதை வசனம் எல்பியாகவும் கேசட்டாகவும் விற்ற ஊர் நம்முடையது. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் தருமியின் புலம்பலைக் கேட்டு, படமே பார்க்காமல் சிரித்தவர்கள் நாம். ரேடியோவில் ஒலிச்சித்திரம் போட்டால் அடுக்களை வேலை அப்படியே நிற்கும். அதிலிருந்து பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கொடுத்திருந்தால் தருமி என்று ஒருவன் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

ஊரைவிட்டு வந்த நம் வீடுகளில் இப்போது நடப்பதும் இதே வெட்டுதான். பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள், உச்சரிப்புக்கூடப் பரவாயில்லை. பாட்டியிடம் போனில் நாலு வாக்கியம் பேசு என்றால் "ஆங், ஊம்" என்று முனகிவிட்டு நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள், பாப்பகேனோ வாய்ப்பூட்டு மாதிரியே. பாட்டு பிழைத்துக்கொள்ளும், அதற்குச் சொந்தக் கால் இருக்கிறது. பேச்சைத்தான் யாராவது உட்கார்ந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பேச்சு போனபின் பாட்டு வெறும் சத்தமாக, அழகான சத்தமாக, மிஞ்சும். க்ளெம்பரரின் பெட்டியில் இருப்பது அதுதான்.

ஆகவே என் சிபாரிசு இது. வீட்டுக்கு முதல் 'மாயப் புல்லாங்குழல்' என்றால் யாக்கப்ஸ். வசனமும் வேண்டும், வுண்டர்லிஷும் வேண்டும் என்றால் பம். கதை நன்றாக மனசில் ஏறிய பிறகு க்ளெம்பரரை எடுங்கள், யானோவிட்ஸுக்காகவும் பாப்புக்காகவும் ஆயிரம் தடவை கேளுங்கள். பாட்டுத் தொகுப்பு என்று சொல்லிக் கேளுங்கள், சண்டையே இல்லை. அதுதான் அசல், மற்றதெல்லாம் சும்மா என்று சொன்னால் மட்டும் கையில் கணக்கோடு வந்து நிற்பேன்.