ஊராட்சித் துணைத் தலைவர்: யார் ஆகலாம், எத்தனை முறை?

அமெரிக்காவில் இரண்டு முறை அதிபராகத் தேர்வானவர் துணை அதிபர் ஆகலாமா என்று சட்ட நிபுணர்கள் வாதிடுகிறார்கள். மூன்றாம் முறை அதிபராகத் தேர்வாவதை 1951-ல் வந்த 22-வது திருத்தம் தடுக்கிறது. துணைப் பதவி வழியாக மறுபடி உள்ளே வரலாமா என்பதுதான் சர்ச்சை. முன்வாசல் அடைபட்டால் கொல்லைவாசலைத் தேடுவது மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்கும் தெரிந்த கதைதான்.

யார் ஆகலாம்?

கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினராக 21 வயது ஆகியிருந்தால் போதும். பதவிக்காலம் 5 ஆண்டு. அப்புறம்? எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம், வரம்பு கிடையாது.

இடஒதுக்கீடு உண்டா?

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம், தலைவர் பதவியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்குச் சுழற்சி முறையில் இடம் ஒதுக்கியது. கிராம ஊராட்சித் துணைத் தலைவர் பதவிக்கு அந்த ஒதுக்கீடு இல்லை.

அதனால் என்ன?

ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் 'போட மாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டால் தெருவிளக்கும் எரியாது, குடிநீர்க் குழாயும் பழுது பார்க்கப்படாது. தனி ஊராட்சியில் நாற்காலி ஒருவருக்கு, பேனா இன்னொருவருக்கு என்றாகிவிடுகிறது.

அந்த நாற்காலி சும்மா வந்ததல்ல. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உட்பட 6 தலித்துகள் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-லிருந்து 10 ஆண்டுகள் தனி ஊராட்சித் தேர்தல் முறையாக நடக்கவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது.

என்ன செய்யலாம்?

இரண்டாவது கையெழுத்து தேவைதான். முறைகேட்டுக்கு அது ஒரு தடுப்பு. ஆனால் அதுவே முட்டுக்கட்டையாக மாறக் கூடாது. தனி ஊராட்சிகளில், காரணத்தை எழுதித் தராமல் கையெழுத்தை மறுத்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள் அந்த அதிகாரம் வேறு உறுப்பினருக்குத் தானாகவே போகும்படி விதி வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனுவோடு ஆட்சியர் அலுவலகப் படியேற வேண்டிய நிலையில் தலைவரை வைக்கக் கூடாது. அந்தப் படியேறித் திரும்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை மதுரை மறந்துவிட முடியாது.