கொழும்பு கேசினோ டூர் போறீங்களா? கையில எவ்வளவு டாலர் கொண்டு போகலாம், சிக்கல் எங்கே வரும்?

"மூணு நாள் டூர், ரூம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. பணத்தை இங்கேயே ரூபாயா கொடுத்துடுங்க, அங்க போய் சிப்ஸா வாங்கிக்கலாம்." இப்படி ஒரு ஆஃபர் வந்தால் கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். டாலர் மாற்ற அலைய வேண்டாம், ஏர்போர்ட்டில் பயப்பட வேண்டாம் என்று தோன்றும். ஆனால் கேசினோ டூரில் பெரிய சிக்கலே இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. கொழும்பில் 'சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் ஸ்ரீலங்கா' என்ற பிரம்மாண்ட ஹோட்டல் - கேசினோ வளாகம் திறக்கப்பட்டது. இலங்கையின் ஜான் கீல்ஸ் குழுமமும், மக்காவில் கேசினோ நடத்தும் மெல்கோ நிறுவனமும் இதில் கைகோத்துள்ளன. அதே மாதத்தில் இந்திய நாடாளுமன்றம், பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. சட்டப்படி கேசினோவும் இங்கே கிடையாது. ஆனால் எடமலைப்பட்டி புதூரில் இருந்து கிளம்பினால் திருச்சி சர்வதேச விமான நிலையம் சில கிலோமீட்டர்தான். அங்கிருந்து கொழும்பு சுமார் ஒரு மணி நேரப் பயணம். கேசினோ உள்ள சிங்கப்பூருக்கும், கெந்திங் மலை இருக்கும் மலேசியாவுக்கும் திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு.

கேசினோவுக்குப் போறதே குற்றமா?

வெளிநாட்டில் உரிமம் பெற்ற கேசினோவுக்குள் ஒரு சுற்றுலாப் பயணி நுழைவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அந்த நாட்டில் அது சட்டப்பூர்வமா என்பதுதான் முதல் கேள்வி.

இதைப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பட்டாயா உதாரணம். தாய்லாந்தில் சூதாட்டத்துக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. அங்கே 2023 மே மாதம் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்த சூதாட்டத்தை போலீஸ் சுற்றிவளைத்தது. கைதானவர்களில் 80-க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள்!

சரி, சட்டப்படி நடக்கும் கேசினோதான், போகலாம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி பணம்.

கையில் எவ்வளவு கொண்டு போகலாம்?

ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டப்படி, ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்லாச் செலவுகளுக்கும் சேர்த்து 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். இதைக் கேட்டதும் "அப்போ அவ்வளவையும் நோட்டாவே கொண்டு போலாமா?" என்று நினைத்துவிடக் கூடாது.

வெளிநாட்டு நோட்டாக வாங்கிப் போக இலங்கை, சிங்கப்பூர், மலேசியா போன்ற பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர்தான் உச்சவரம்பு. ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,70,000 ரூபாய். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபாரெக்ஸ் கார்டு மாதிரியான வழியில்தான் கொண்டு போக வேண்டும். இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரை வைத்திருக்கலாம்.

இந்த வரம்பு தலைக்குத்தான் கணக்கு. நான்கு நண்பர்கள் போனால் நான்கு பேரும் தலா 3,000 டாலர் கொண்டு போகலாம். "நீயே மொத்தமா வெச்சுக்கடா" என்று நான்கு பேர் பணத்தையும் ஒருவர் பையில் போட்டால், சோதனையில் அவர் கையில் இருப்பது 12,000 டாலர். பதில் சொல்ல வேண்டியது அவர் ஒருவர்தான்.

எங்கே மாத்தணும்? என்ன கேட்பாங்க?

ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பணமாற்று நிறுவனம் அல்லது வங்கி. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் கேட்பார்கள். ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் வாங்குவார்கள். அதற்கு மேல் என்றால் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்த வேண்டும். "ரொக்கமாவே எத்தனை லட்சம் வேணும்னாலும் கொடுங்க, பில் வேண்டாம்" என்று ஒரு கடை சொன்னால், அங்கிருந்து வெளியே வந்துவிடுவது நல்லது.

ஒரு லட்சம் ரூபாய்க்கு டாலர் வாங்கினால் ஜி.எஸ்.டி. 180 ரூபாய்தான். இதை மிச்சம் பிடிக்கப் போய் பில்லை விட்டுவிட்டால், ஏர்போர்ட்டில் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டி இப்படிப் பணம் எடுத்தால், தாண்டும் தொகைக்கு 20% டி.சி.எஸ். பிடிப்பார்கள். வருமான வரித் தாக்கலின்போது அதைக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், அல்லது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. லாட்டரி டிக்கெட், கால்பந்துப் பந்தயச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்றவற்றுக்காக இந்தியாவில் இருந்து பணம் அனுப்ப 2000-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் தடை போடுகின்றன. அந்தப் பட்டியலில் 'கேசினோ' என்ற சொல் இல்லை. அதற்காக கேசினோ கணக்குக்கு இங்கிருந்தே பணம் அனுப்பலாம் என்று நினைப்பது ஆபத்து. சுற்றுலா என்று சொல்லி வாங்கும் பணம், சுற்றுலாச் செலவு அளவில் இருப்பதுதான் பாதுகாப்பு.

'இங்க ரூபாய், அங்க சிப்ஸ்': என்ன தப்பு?

இப்போது அந்த ஆஃபருக்கு வருவோம். திருச்சியில் ஏஜென்ட் கையில் ரூபாய் கொடுக்கிறீர்கள். கொழும்பில் அவருடைய ஆள் சிப்ஸ் கொடுக்கிறார். வங்கியும் இல்லை, பில்லும் இல்லை, எல்லையைத் தாண்டி ஒரு நோட்டும் போகவில்லை. ஆனால் பணத்தின் மதிப்பு மட்டும் நாடு தாண்டிவிட்டது. நாம் ஹவாலா என்று சொல்வது இதைத்தான்.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின் 3-வது பிரிவு இதைத் தடுக்கிறது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க முடியும். ஐந்து லட்சம் கொடுத்தவருக்கு அபராதமே 15 லட்சம் வரை போகலாம். நேபாள கேசினோக்களுக்கு ஆட்களை அழைத்துப் போன ஏற்பாட்டாளர்களின் இடங்களில் 2022 ஜூலையில் ஹைதராபாத்தில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியதும் ஃபெமா விவகாரத்தில்தான்.

சட்டத்தை விடுங்கள், பணம் போனாலும் கேட்க முடியாது. ஏஜென்ட் ரூபாயை வாங்கிக்கொண்டு போனை எடுக்காவிட்டால், நீங்கள் காட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. சூதாட்டத்துக்காகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவு சொல்கிறது. கடனுக்கு சிப்ஸ் வாங்கித் தோற்றால் நிலைமை இன்னும் மோசம். கோர்ட்டுக்குப் போக முடியாதவர் கடனை எப்படி வசூலிப்பார்? வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பித்தான். அப்போது பதில் சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்.

'இந்த கவரை மட்டும் கொண்டு போங்க'

திருச்சி ஏர்போர்ட்டுக்குப் புதிதல்லாத ஒரு சொல் 'குருவி'. அடுத்தவர் தங்கத்தையோ பணத்தையோ கூலிக்குச் சுமப்பவர்களை இப்படிச் சொல்வார்கள். பேக்கேஜில் கட்டணம் குறைக்கிறோம், இந்த கவரை மட்டும் கொண்டு போய்க் கொடுங்க என்று யாராவது சொன்னால், டூர் போகிற உங்களைக் குருவி ஆக்குகிறார்கள் என்று அர்த்தம்.

சுங்கத் துறை பிடித்தால் பணம் பறிமுதல். அதற்கு மேல் அபராதம் உண்டு, தொகையைப் பொறுத்து கைதும் நடக்கலாம். "என் பணம் இல்லை சார்" என்பது தப்பிக்கும் பதில் ஆகாது. யாருடைய பணம் என்று தெரியாமல் சுமந்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கார்டில் தேய்த்தால்?

கேசினோ கவுன்டரில் கிரெடிட் கார்டு தேய்த்தால், பல வங்கிகள் அதை ரொக்கம் எடுத்ததாகவே கணக்கு வைக்கும். வட்டியில்லா நாட்கள் கிடையாது, அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். பல கார்டுகள் அந்த இடத்தில் வேலையே செய்யாது. கடையிலோ ஏ.டி.எம்.மிலோ "இந்திய ரூபாயிலா, உள்ளூர் பணத்திலா?" என்று கேட்டால் உள்ளூர் பணத்தைத் தேர்வு செய்யுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் கூடுதலாக உருவிவிடுவார்கள்.

ஜெயிச்சா முழுசா நமக்கா?

இல்லை. இந்தியாவில் வசிப்பவரின் வெளிநாட்டு வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு. சூதாட்டத்தில் ஜெயித்த பணத்துக்கு 30% வரி, அதன் மேல் செஸ். உங்கள் மற்ற வருமானம் குறைவு என்பதெல்லாம் இங்கே எடுபடாது. தோற்ற பணத்தை ஜெயித்ததில் இருந்து கழிக்கவும் முடியாது.

திரும்பி வரும்போது கையில் 5,000 டாலருக்கு மேல் நோட்டாக இருந்தாலோ, நோட்டு, டிராவலர்ஸ் செக் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். கேசினோ கொடுத்த ரசீதைக் கட்டாயம் வைத்திருங்கள். மிச்சமான வெளிநாட்டுப் பணத்தில் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். மீதியை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும்.

கிளம்பும் முன் இதைப் பாருங்க

* பணம் மாற்றிய பில், பாஸ்போர்ட்டோடு இருக்கிறதா?
* அவரவர் பணம் அவரவர் பையில் இருக்கிறதா?
* அடுத்தவர் கவர், பெட்டி எதுவும் இல்லையே?
* ரூம் வாடகை, சாப்பாடு, ஊர் திரும்பும் செலவு தனியாக இருக்கிறதா?
* தோற்றாலும் பரவாயில்லை என்ற தொகையை வீட்டில் சொல்லிவிட்டீர்களா?

கேசினோவில் நீங்கள் ஜெயித்தீர்களா, தோற்றீர்களா என்று ஏர்போர்ட்டில் யாரும் கேட்கப் போவதில்லை. இந்தப் பணம் யாருடையது, எங்கே மாற்றினீர்கள், பில் எங்கே என்றுதான் கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத பணம் என்றால், டேபிளில் உட்காரும் முன்பே நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.