தேர்வு எழுத வேண்டியவர் யார்?

கடமலைக்குண்டுத் தேநீர்க்கடையில் நண்பரொருவர் கேட்டார்: "வண்டி ஓட்டுவதற்கே எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. வாக்களிக்க மட்டும் ஒரு தேர்வும் வேண்டாமா?"

கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால், இந்த யோசனை புதியதன்று. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரியும் சொத்தும் எழுத்தறிவுமே வாக்குரிமையைத் தீர்மானித்தன. வயது வந்தோரில் பெரும்பாலோர் வெளியே நிறுத்தப்பட்டனர். அமெரிக்கத் தென்மாநிலங்களிலோ எழுத்தறிவுத் தேர்வு கறுப்பின மக்களை விலக்குவதற்கே பயன்பட்டது. 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அது நீடித்தது. வினாத்தாள் யார் கையில் இருக்கிறதோ, முடிவும் அவர் கையில்தான்.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நம் வாக்காளர் 17 கோடிக்கும் அதிகம், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். குடியரசு அவர்களுக்குத் தேர்வு வைக்கவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் பொறித்த தனிப்பெட்டியை வைத்தது. எழுத்தறியாமை அவர்கள் குற்றமன்று என்பதை அன்றைய குடியரசு உணர்ந்திருந்தது.

பணம் வாங்கி வாக்களிப்பதைத் தேர்வு தடுக்காதா என்றார் நண்பர். கொடுப்பவர்கள் எழுத்தறியாதவர்களா என்ன?

மூல வைகை வறண்டுகிடக்கும் கோடையில் குடத்தோடு அலையும் மூதாட்டிக்கு அரசியல் சட்டப் பிரிவுகள் தெரியாமலிருக்கலாம். தண்ணீர் வந்ததா, சாலை வந்ததா என்பது தெரியும். ஐந்தாண்டுக்கொருமுறை தேர்வெழுதுபவர்கள் ஆள்பவர்கள். விடைத்தாளைத் திருத்துபவள் அவள். அவளிடம்போய் மதிப்பெண் கேட்கலாமா?