ஓட்டத்துக்குக் கிடைக்காத நீதி

புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த தலித் வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சூளை வேலைக்கே திரும்பினார். பிறகு பயிற்சியாளர் பட்டயம் பெற்றும், அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் பணி 2016-இல்தான் கிடைத்தது. இழந்த பதக்கத்தைவிட, காத்திருந்த அந்தப் பத்து ஆண்டுகளே நமக்கு வலிக்கின்றன.

ஆம்பூரில் நாம் தைக்கும் காலணி கடல் கடந்து போகிறது. தைப்பவர் பிள்ளை வெறுங்காலோடு ஓடலாமா? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்தோறும் மைதானமும் நிரந்தரப் பயிற்சியாளரும் வேண்டும். வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குவோம். மாணவர்களே, முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.